f(x) என்றால் f-ஐ x-ஆல் பெருக்குவதா?

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள், f(x) = x² − 3x எனில் f(x + 1) என்ன என்று கேட்டால் x² − 3x + 1 என்று எழுதுகிறாள். அதே சார்பை x(x − 3) என்று காட்டினால் இது வேறு சார்பு என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருடமாக 3(x + 1) என்றால் பெருக்கு என்று பழக்கிவிட்டு, அதே அடைப்புக்குறியைக் காட்டி இங்கே பெருக்காதே என்றால் பிள்ளை என்ன செய்யும்! f என்பது எண் இல்லை, ஒரு விதிக்கு வைத்த பெயர்; ஓர் எண்ணைப் போட்டால் ஒரே ஒரு விடை தரும் அந்த விதியைத்தான் சார்பு என்கிறோம். அடைப்புக்குள் இருப்பது அந்த விதிக்குள் போடும் சரக்கு, அவ்வளவுதான்.

ஒரு தாளில் x-ஐ எல்லாம் அழித்துவிட்டுக் கட்டம் போடச் சொல்லுங்கள்: f(□) = □² − 3□. இப்போது எல்லாக் கட்டத்திலும் (x + 1)-ஐ அடைப்புக்குறியோடு அப்படியே வைத்தால் (x + 1)² − 3(x + 1), சுருக்கினால் x² − x − 2. சரியா என்று பார்க்க x = 2 போடுங்கள். f(3) = 9 − 9 = 0, நம் விடையிலும் 4 − 2 − 2 = 0. அவள் எழுதியதில் −1 வரும், ஏனென்றால் அது f(x) + 1.

இன்னும் நம்பவில்லையா, ஆட்டோ கட்டணத்தைக் காட்டுங்கள். சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 (மீட்டர் போட்டார்களா என்பது வேறு கதை). 4 கி.மீ.க்கு 51.40, 8 கி.மீ.க்கு 99.40. தூரம் இரட்டித்தது, கட்டணம் இரட்டிக்கவில்லை. கட்டணத்தை F(தூரம்) என்று எழுதினால், F பெருக்கும் எண்ணாக இருந்திருந்தால் 8 கி.மீ.க்கு 102.80 வந்திருக்கும்.

அப்புறம் இரண்டாவது சந்தேகம். x² − 3x, x(x − 3), (x − 3/2)² − 9/4 மூன்றும் ஒரே சார்புதான், எந்த எண்ணைப் போட்டாலும் ஒரே விடை. காரணிப்படுத்திய வடிவத்தில் 0, 3 என்ற பூச்சியங்கள் (சார்பின் விடையை 0 ஆக்கும் x மதிப்புகள்) பார்த்தவுடன் தெரியும், வர்க்கப் பூர்த்தி செய்த மூன்றாவது வடிவத்தில் மிகக் குறைந்த மதிப்பு −9/4 தெரியும். வரைபடமும் அதே சார்புதான். அட்டவணையில் மட்டும் கவனம்: 0, 1, 2, 3-க்கு 0, −2, −2, 0 என்று நாலு வரி எழுதினால், மதிப்பகம் (x-க்குப் போட அனுமதித்த எண்கள்) அந்த நாலு எண் மட்டுமே என்றால்தான் அது முழுச் சார்பு.

மதிப்பகத்தைப் பார்க்காமல் சுருக்கினாலும் இதே சிக்கல்தான். (x² − 3x)/x என்பதை x − 3 ஆக்கிவிடலாம், ஆனால் முதலாவதில் 0-ஐப் போட முடியாது, இரண்டாவதில் −3 கிடைக்கும். அங்கே உங்கள் மகள் வேறு சார்பு என்றால் முழு மதிப்பெண் போடுங்கள்.