குதிரை மசாலுடன் ஓட்ஸைத் துணைப்பயிராக விதைக்கலாமா?

பல ஆண்டு நிற்கும் தீவனப் பயிரான குதிரை மசாலை ஓட்ஸுடன் கலந்து விதைத்தால் களை அடங்குமா, அல்லது தனியாக விதைத்துக் களைக்கொல்லி தெளிப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு விதமாகவும் விதைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: களை அடங்கும், ஆனால் ஓட்ஸை எந்தப் பருவத்தில் அறுப்பது என்பதை விதைக்கும் நாளிலேயே முடிவு செய்துகொள்ளாதவர் துணைப்பயிரே போடாமல் இருப்பது மேல்.

குதிரை மசாலின் ஆயிரம் விதைகள் சேர்ந்தாலும் சுமார் 2 கிராம்தான் இருக்கும். அத்தனை சிறிய விதையிலிருந்து வரும் நாற்று இரண்டு வித்திலைகளையும், அடுத்து ஒற்றை இலை ஒன்றையும் விட்ட பிறகே மூவிலைகளை விடத் தொடங்கும். முதல் சில வாரங்களில் அது ஆணிவேரை இறக்குவதில்தான் முனைப்பாக இருப்பதால், மேலே பார்ப்பவருக்குப் பயிர் நின்றுவிட்டது போலவே தோன்றும். இந்த இடைவெளியைத்தான் களைகள் பிடித்துக்கொள்கின்றன. வேகமாக முளைக்கும் ஓட்ஸ் அந்த இடத்தை நிரப்புகிறது, மழையும் காற்றும் மேல்மண்ணை அரித்துச் செல்லாமல் காக்கிறது, முதல் அறுப்பிலேயே கணிசமான தீவனமும் தருகிறது. ஆனால் களை பறிக்கும் அதே வெளிச்சத்தையும் ஈரத்தையும்தான் ஓட்ஸும் பறிக்கிறது என்பதால், தனிப்பயிருக்கான விதை அளவில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ போதும். குட்டையான, சாயாத, சீக்கிரம் முதிரும் ரகமாக இருக்க வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் ஓட்ஸும் புல் களைகளும்தான் கொழிக்கும். ஈரம் நிற்காத மணல் நிலத்தில், பாசன உறுதியும் இல்லையென்றால், துணைப்பயிரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் முறை நான் தானியத்துக்கு ஆசைப்பட்டு ஓட்ஸை முற்ற விட்டேன். மணி பிடிக்கும் நேரத்தில் பெய்த மழையில் பயிர் பாய் விரித்தது போல் சாய்ந்தது. பத்து நாள் கழித்து அதைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் குதிரை மசால் வெளிறி நூல் போல நீண்டு கிடந்தது. அறுத்த தாளை உடனே அகற்றாமல் குவித்து வைத்த இடங்களில் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தது, அந்தச் சொட்டைகளை அடுத்த பருவத்தில் அருகு எடுத்துக்கொண்டது. மறுமுறை தொண்டைக்கதிர்ப் பருவத்திலேயே, அதாவது கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் இருக்கும்போதே, தரையிலிருந்து 7 முதல் 10 செ.மீ. விட்டு அறுத்து, அன்றே வயலை விட்டு வெளியேற்றினேன். வெளிச்சம் பட்ட பிறகு குதிரை மசால் சீராகக் கிளம்பியது.

உண்மையில் களைக்கட்டுப்பாட்டின் பெரும்பகுதி விதைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கோரை, அருகு போன்ற பல்லாண்டுக் களைகளைப் பயிர் வந்த பின் ஒழிப்பது பெரும்பாடு என்பதால், அவற்றை முந்தைய பருவத்திலேயே தீர்த்துவிடுங்கள். புழுதியாக்கிய நிலத்துக்குத் தண்ணீர் விட்டு, முளைக்கிற களைகளை முளைக்க விட்டு, பிறகு மேலாக மட்டும் கிளறி அழித்துவிட்டு விதைப்பது சிக்கனமான வழி. ஆழமாக உழுதால் கீழே உறங்கும் விதைகளை நாமே மேலே கொண்டுவந்து விடுவோம். நிலம் இறுகியிருக்க வேண்டும்: நடந்தால் குதிகால் 1 செ.மீ.க்கு மேல் புதைகிறதென்றால் இன்னொரு முறை பலகை ஓட்டுங்கள். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதையை, குதிரை மசாலுக்கு உரிய ரைசோபியம் என்ற, வேர்முடிச்சில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் நுண்ணுயிரைக் கலந்து, 1 செ.மீ. ஆழத்துக்குள் விதைக்கலாம். அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடியின் விதை கலக்காத விதையா என்று கட்டாயம் பாருங்கள்; அது வந்துவிட்டால் பற்றிய செடிகளோடு சேர்த்து அறுத்து அழிப்பதைத் தவிர எளிய வழி இல்லை.

களைக்கொல்லியே தேவைப்பட்டால் துணைப்பயிர் இல்லாத வயலில் வேலை எளிது. இரண்டு மூவிலைகள் விரிந்த பிறகு, களைகள் சிறியவையாக இருக்கும்போதே இமசெதாபிர் தெளிக்கலாம். புல் களைகளுக்குக் கிளெதோடிம் இருக்கிறது, ஆனால் அது ஓட்ஸையும் கொன்றுவிடும். மண் அரிப்பைத் தடுக்க மட்டும் ஓட்ஸ் விதைத்து, அது 15 செ.மீ. வளர்ந்ததும் கிளெதோடிமால் வேண்டுமென்றே அழிப்பவர்களும் உண்டு. 2,4-டி, 2,4-டிபி என்ற இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முன்னது குதிரை மசாலைக் கருக்கிவிடும்; பின்னதைக் களைகள் தம் உடலுக்குள் 2,4-டி ஆக மாற்றிக்கொண்டு மடிய, குதிரை மசாலில் அந்த மாற்றம் மெதுவாகவே நடப்பதால் அது தப்பிக்கிறது. எதைத் தெளித்தாலும், கால்நடைக்குக் கொடுக்கும் முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை உறையில் படித்துவிடுங்கள். அகன்ற இலை ஓராண்டுக் களைகளுக்கு நான் பெரும்பாலும் மருந்து தேடுவதே இல்லை. முதல் அறுப்பில் நுனி போன பிறகு அவற்றில் பல மீண்டும் எழுவதில்லை, குதிரை மசாலோ அடிமொட்டிலிருந்து தழைத்துவிடும்.

சொட்டை விழுந்த இடங்களை முதல் பருவத்துக்குள்ளேயே மறுவிதைப்புச் செய்து நிரப்பிவிடுங்கள். வளர்ந்த குதிரை மசாலிலிருந்து மண்ணில் சேரும் பொருள்கள் தன் இன நாற்றுகளின் வேரையே முடக்குவதால், ஓராண்டு கடந்த வயலில் மேலே தூவும் விதை வீண்தான்; அங்கே புல் தீவனம் எதையாவது ஊடுவிதைப்பதே பலன் தரும்.