அல்சைமர் வந்த அம்மா தினமும் சாயங்காலம் "வீட்டுக்குப் போகணும்"னு கிளம்புறாங்க, எப்படி சமாளிக்கிறது?

எங்கம்மாவும் இப்படித்தாங்க. கும்பகோணத்துல நாலு வருஷமா நான்தான் கூட இருந்து பாத்துக்கிறேன். அஞ்சு மணி ஆனா போதும், மஞ்சப்பையில ஒரு புடவை, சீப்பு, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் எடுத்து வச்சுகிட்டு "அப்பா பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு, நான் கெளம்புறேன்"னு வாசலுக்கு வந்துருவாங்க, இத்தனைக்கும் அது அவங்க 30 வருஷமா இருக்குற சொந்த வீடு.

ஆரம்பத்துல எனக்குத் தெரியல, "தாத்தா செத்து 25 வருஷம் ஆச்சும்மா"ன்னு சொல்லிட்டேன். அப்பதான் சாவுச்சேதி வந்த மாதிரி தரையில உக்காந்து அழுதாங்க. மறுநாள் சாயங்காலம் திரும்ப அப்பா நிப்பாருன்னாங்க. அன்னிக்கோட அப்படிச் சொல்றத விட்டுட்டேன். புதுசா நடக்குறத பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கிற மூளைப் பகுதிதான் இந்த நோயில முதல்ல அடிவாங்குது, பழசு ரொம்ப நாள் நிக்கும், அதனால அவங்க கேக்குறது திருவையாத்துல அவங்க பொறந்த வீடு. நாம அட்ரஸ் காட்டி நிரூபிக்கிறதுல ஒண்ணும் ஆகாது.

இப்ப நான் தடுக்கிறதே இல்ல. "கடைசி பஸ் போயிடுச்சாம், காலைல போலாம்மா, அந்த வீட்டுல மாடு எத்தனை இருந்துச்சு?"ன்னு கேட்டா பேச்சு அந்தப் பக்கம் போயிடும். நாலரைக்கே எல்லா லைட்டையும் போட்டுட்டு ஒரு முறத்துல முருங்கைக்கீரைய வச்சுக் குடுத்துருவேன். என் பேரு சில நாள் வராது, ஆனா காம்பு இல்லாம இலைய உருவுற கை இருக்கே, அது அப்படியே இருக்கு. இருட்டுறதுக்குள்ள அந்த தவிப்பு பாதி அடங்கிடும். பீரோ கண்ணாடியில யாரோ நிக்கிறாங்கன்னு பயந்தாங்க, ஒரு துணிய போட்டு மூடிட்டேன்.

இன்னொண்ணு, இத தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டே நாள்ல திடீர்னு மோசமானா நோய் முத்திடுச்சுன்னு உக்காந்துறாதீங்க. போன வருஷம் அம்மா ராத்திரி பூரா தூங்காம செவுத்துகிட்ட பேசினாங்க, பக்கத்து க்ளினிக்ல வயசானா அப்படித்தான்னு அனுப்பிட்டாங்க, வேற டாக்டர் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு, இன்ஃபெக்‌ஷன். காய்ச்சலே இல்ல. மருந்து முடியறதுக்குள்ள பழையபடி ஆயிட்டாங்க.

வெளியூர்ல இருக்குற அண்ணன் போன்ல அஞ்சு நிமிஷம் பேசிட்டு "அம்மா நல்லாத்தானே பேசுறாங்க"ன்னாரு. சண்டை போடல, பத்து நாள் வந்து இருங்கன்னேன், வந்தாரு, அதுக்கப்புறம் மாசத்துல நாலு நாள் அவரு பாத்துக்கிறாரு. நீங்களும் ஒத்தையா தாங்காதீங்க, ரொம்ப முடியலன்னா முதியோர் உதவி எண் 14567க்கு கூப்பிடுங்க.

அப்புறம் அந்தப் பை. அவங்க தூங்குனதும் பிரிச்சு அடுக்கி வச்சிடாதீங்க. காலைல அது கட்டிலுக்குப் பக்கத்துல இல்லன்னா யாரோ திருடிட்டாங்கன்னு பதறிப் போயிடுவாங்க.