பேலினும் உதட்டுச்சாயமும் – கடிதம், பதில்

வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் 2008-ல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது: ‘பெண்ணை இழிவுபடுத்துகிறார்கள் என்ற புகாரை ஒரு கட்சி கேடயமாகத் தூக்கிப் பிடித்த தேர்தல் அது.’ அதே கட்டுரையில் கமலா ஹாரிஸின் சிரிப்பைக் கேலி செய்தவர்களைப் பெண்வெறுப்பாளர்கள் என்கிறீர்கள். கமலாவுக்கு நடந்தால் ஆணாதிக்கம், பேலினுக்கு நடந்தால் நாடகமா? நமக்குப் பிடித்த பெண்ணுக்கு ஒரு நியாயம், பிடிக்காத பெண்ணுக்கு வேறொரு நியாயமா?

பேலினின் அரசியலில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் அன்று அவரைப் பற்றி எழுதப்பட்டதையெல்லாம் இப்போது தேடிப் படித்தால் அருவருப்பாக இருக்கிறது. ஐந்து பிள்ளைகளின் தாய் எப்படி நாட்டை ஆள முடியும் என்று கேட்டவர்களில் முற்போக்காளர்களும் இருந்திருக்கிறார்கள். இதை நீங்கள் கண்டுகொள்ளாமல் போவது சரியா?

எஸ்.,
திருச்சி

*

அன்புள்ள எஸ்,

அந்த வரியை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்வதும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை விரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

2008 ஆகஸ்ட் 29 அன்று ஒஹையோ மாநிலம் டேட்டனில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் பேலினை மேடையேற்றினார். அன்று மெக்கெய்னுக்கு 72 வயது முடிந்தது. பேலினுக்கு 44. அலாஸ்காவின் ஆளுநராகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. (நம்மூர் ஆளுநர் மாதிரி அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. நம் முதல்வர் மாதிரி.) மூன்று நான்கு நாட்களுக்குள் அசிங்கம் தொடங்கிவிட்டது. நான்கு மாதக் கைக்குழந்தை அவர் பெற்றதே அல்ல என்று வதந்தி கிளப்பினார்கள். அதுவும் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தை. பள்ளி வயது மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதைக் குடும்பமே அறிக்கை விட்டுச் சொல்லவேண்டிய நிலை வந்தது. இந்த இடத்தில், எதிர்த்து நின்ற ஒபாமா நாகரிகமாக நடந்துகொண்டார். பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள், என்னைப் பெற்றபோது என் அம்மாவுக்கும் 18 வயதுதான் என்றார். அவருடைய ஆதரவாளர்கள் எல்லோருக்கும் அந்த நாகரிகம் வாய்க்கவில்லை. கெட்ட வார்த்தை அச்சடித்த பனியன்கள் விற்றன. மேற்கு ஹாலிவுட்டில் ஒரு வீட்டில் ஹாலோவீன் அலங்காரம் என்ற பெயரில் அவர் உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு நியூஸ்வீக், ஓட்டப் பயிற்சிப் பத்திரிகை ஒன்றுக்காக அரைக்கால் சட்டையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து அரசியல் கட்டுரைக்கு அட்டைப்படம் ஆக்கியது. பேலின் அதை ஆணாதிக்கம் என்று சொன்னார். நூற்றுக்கு நூறு சரி.

இந்தக் கணக்கில் என்னையும் உங்கள் பக்கமே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மெக்கெய்னின் பிரச்சாரக் குழு எதற்காகக் கூப்பாடு போட்டது என்று பாருங்கள். செப்டம்பர் 3 அன்று கட்சி மாநாட்டில் பேலின் ஒரு ஜோக் அடித்தார். பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் அம்மாவுக்கும் மூர்க்கமான பிட்புல் நாய்க்கும் என்ன வித்தியாசம்? உதட்டுச்சாயம். அரங்கம் அதிர்ந்தது. ஆறு நாள் கழித்து வர்ஜீனியா மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூரில் ஒபாமா பேசினார். பொருளாதாரம், மருத்துவம், வரி, கல்வி, வெளியுறவு என்று எல்லாவற்றிலும் புஷ் வழியையே பிடித்துக்கொண்டு மாற்றம் கொண்டுவருவேன் என்கிறாரே மெக்கெய்ன் என்று கிண்டல் செய்துவிட்டு, பன்றிக்கு உதட்டுச்சாயம் பூசினாலும் அது பன்றிதான் என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, நாறிப்போன மீனை மாற்றம் என்று எழுதிய தாளில் சுற்றினாலும் நாற்றம் போகாது என்றார்.

அது அங்கே அரசியல்வாதிகள் வாயில் நாள்தோறும் புழங்கும் சொலவடை. 2007-ல் ஹிலரி கிளிண்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி இதே சொலவடையைச் சொன்னவர் மெக்கெய்ன். ஆனாலும் சில மணி நேரத்தில் மெக்கெய்ன் குழு நிருபர்களைத் தொலைபேசியில் கூட்டி, மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் ஜேன் ஸ்விஃப்டைப் பேசவைத்தது. ஒபாமா பேலினைப் பன்றி என்று சொல்லிவிட்டார், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் அவர். இதில் எனக்கு வருத்தம் ஸ்விஃப்டைப் பற்றித்தான். 2001-ல் பதவியில் இருக்கும்போதே இரட்டைக் குழந்தை பெற்று, மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அரசுக் கூட்டம் நடத்தியதற்காக ஊரே அவரைத் திட்டியது. நிஜமான ஆணாதிக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவரைக் கொண்டுவந்து இந்தப் புகாரைப் படிக்கவைத்தார்கள்.

ஒபாமாவுக்கும் ஒரு குட்டு வைக்கிறேன். அந்தச் சொலவடையைச் சொன்னதும் கூட்டம் போட்ட கூச்சல் மெக்கெய்னின் வரிக்கொள்கைக்காக அல்ல. ஆறு நாள் பழைய ஜோக் எல்லோர் காதிலும் இருந்தது. அவ்வளவு கெட்டிக்காரப் பேச்சாளருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

இருந்தாலும் அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சிகள் உதட்டுச்சாயத்தையே பேசின. செப்டம்பர் 15 திங்கட்கிழமை லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது.

மெக்கெய்ன் குழு உடனே ஒரு விளம்பரமும் தயாரித்தது. சிபிஎஸ் தொலைக்காட்சியின் கேட்டி கூரிக், அமெரிக்க வாழ்க்கையில் ஆணாதிக்கம் இன்னும் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று முன்பு சொன்னதை வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள். கூரிக் அதைச் சொன்னது, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஒபாமாவோடு போட்டியிட்டுத் தோற்ற ஹிலரிக்கு நடந்ததைப் பற்றி. சிபிஎஸ் ஆட்சேபித்து யூடியூபிலிருந்து விளம்பரத்தை எடுக்கவைத்தது. இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அதே கூரிக் முன்னால் பேலின் பேட்டிக்கு உட்கார்ந்தார். துணை அதிபர் வேட்பாளராவதற்கு முன் என்னென்ன பத்திரிகை படிப்பீர்கள் என்று கேட்டார் கூரிக். எல்லாம்தான் என்றார் பேலின். ஒன்றிரண்டு பெயர் சொல்லுங்கள் என்று திரும்பக் கேட்டும் ஒரு பெயர் வரவில்லை. இது பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வியா? கேட்டவர் ஒரு பெண், அதுவும் பெண் வேட்பாளருக்கு நடந்த அநியாயத்தை வெளிப்படையாகச் சொன்னவர். அதுவரை அவர்களுக்குச் சாட்சியாக இருந்தவர் அதற்குப் பிறகு வலைவிரிக்கும் நிருபர் ஆகிவிட்டார்.

நான் ‘கேடயம்’ என்றது இதைத்தான். செப்டம்பர் 7 அன்று பிரச்சார மேலாளர் ரிக் டேவிஸ் தொலைக்காட்சியிலேயே சொன்னார்: பேலினை மரியாதையோடும் பணிவோடும் நடத்தும்வரை அவர் பேட்டி தரமாட்டார். உலகின் பெரிய ராணுவத்துக்கு அடுத்த தலைவராக வரக்கூடியவரிடம் நிருபர்கள் பணிவு காட்ட வேண்டுமாம். ஆண் வேட்பாளருக்கு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவர்கள் கட்சிக்காரர்களே சிரித்திருப்பார்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன. ‘எங்கும் போகாத பாலம்’ என்று பெயரெடுத்த திட்டம் ஒன்று. அலாஸ்காவின் கெச்சிக்கன் ஊரிலிருந்து, விமான நிலையமும் ஐம்பது பேர் அளவில் ஜனமும் உள்ள கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட நாடாளுமன்றம் 20 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது. ‘நன்றி, வேண்டாம் என்று சொன்னவள் நான்’ என்று பேலின் மேடைக்கு மேடை சொன்னார். உண்மையில் 2006-ல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது அவர் பாலத்தை ஆதரித்தார். அதற்கு முன்பே நாடாளுமன்றம், பாலத்துக்கென்றுதான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டுப் பணத்தை மாநிலத்துக்கே கொடுத்திருந்தது. 2007-ல் ஆளுநராக அவர் திட்டத்தைக் கைவிட்டார். பணம் அலாஸ்காவிலேயே இருந்துகொண்டது. இதை ஒரு நிருபர் கேட்டால் அதில் ஆணென்ன, பெண்ணென்ன?

அனுபவம் பற்றிய வாதமும் இப்படித்தான். ஆகஸ்ட் மாதம் ஒபாமா, வர்ஜீனியா ஆளுநர் டிம் கெய்னைத் துணையாக எடுப்பார் என்று பேச்சு அடிபட்டது. புஷ்ஷின் வியூகக்காரர் கார்ல் ரோவ், கெய்ன் மூன்று வருடம்தான் ஆளுநர், அதற்கு முன் ரிச்மண்ட் மேயர், அது ஒரு சின்ன ஊர், அதைவிடப் பெரிய ஊர்கள் நூறுக்கு மேல் இருக்கின்றன என்று ஏளனம் செய்தார். அதே மாதம் முடிவதற்குள், சில ஆயிரம் பேர் வாழும் வசில்லா என்ற அலாஸ்கா ஊரின் முன்னாள் மேயரான பேலின் ரோவுக்கு அனுபவசாலியாகத் தெரிந்தார். டிம் கெய்ன் என்ற ஆணைப் பற்றிக் கேட்டால் தகுதி ஆய்வு, பேலினைப் பற்றிக் கேட்டால் பெண்களுக்கு அவமானம்.

பேலினும் இதில் ஒன்றும் அறியாதவர் இல்லை. 2008 மார்ச்சில், துணை அதிபர் பேச்சே எழாதபோது, ஒரு மகளிர் கருத்தரங்கில் ஹிலரியைப் பற்றிக் கேட்டார்கள். கூடுதல் விமர்சனம் வருகிறது என்று ஒரு பெண் வேட்பாளர் புலம்புகிற மாதிரி தெரிந்தால் அது நம் யாருக்கும் நல்லதல்ல என்ற பொருளில் பதில் சொன்னார். மெக்கெய்னும் அப்படித்தான். 2007 நவம்பரில் தெற்கு கரோலினாவில் ஒரு கூட்டத்தில், அந்த நாயை எப்படித் தோற்கடிப்பது என்று ஹிலரியைச் சொல்லி ஒரு பெண்மணி கேட்டபோது, சிரித்து, அருமையான கேள்வி என்றவர் அவர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

இன்னொன்று இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். பேலினைப் பெண் என்பதற்காக இழிவாக நினைத்தவர்களில் முதல் ஆட்கள் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களே. மெக்கெய்ன் விரும்பியது நண்பரான செனட்டர் ஜோ லீபர்மனை. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் என்பதால் கட்சி ஒத்துக்கொள்ளாது என்றார்கள். அப்புறம் அவசரம். பேலினை அரிசோனாவுக்கு அழைத்து, மெக்கெய்ன் நேரில் பேசியது ஆகஸ்ட் 28. மேடை ஏற்றியது மறுநாள். ஆராய்ந்த வழக்கறிஞர் இதில் ஆபத்து அதிகம், ஆதாயமும் அதிகம் என்றாராம். ஆதாயம் என்று அவர்கள் கணக்குப் போட்டது ஹிலரி தோற்றதால் கசந்துபோயிருந்த பெண்களின் ஓட்டு. டேட்டன் மேடையில் ஹிலரியின் ‘1 கோடியே 80 லட்சம் விரிசல்’ பேச்சை (பெண்களைத் தடுக்கும் கண்ணாடிக் கூரையில் தனக்கு விழுந்த ஓட்டுகள் போட்ட விரிசல் என்று அவர் சொன்னது) எடுத்துச் சொல்லி, அமெரிக்கப் பெண்கள் இன்னும் ஓயவில்லை என்றார் பேலின். ஒரு பெண் போனால் இன்னொரு பெண், சேலை மாறினால் பெண்களுக்கு அடையாளம் தெரியாது என்ற நினைப்பு! பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் அந்த வாரமே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் எழுதினார், ஹிலரிக்கும் பேலினுக்கும் பொதுவாக இருப்பது ஒரு குரோமோசோம் மட்டுமே என்று. கடைசியில் பெண்களில் 56 சதவீதம் ஒபாமாவுக்கும் 43 சதவீதம் மெக்கெய்னுக்கும் போட்டார்கள்.

தோல்வி தெரிய ஆரம்பித்ததும் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். அக்டோபர் கடைசியில், தேர்தல் முடிவதற்கு முன்பே, மெக்கெய்ன் குழுவிலிருந்து பெயர் சொல்லாமல் பத்திரிகைகளுக்குச் செய்தி கசிந்தது. பேலின் ஒரு ‘டிவா’ (அலட்டல் ராணி), யார் பேச்சையும் கேட்கமாட்டார். கட்சி அவருக்கும் குடும்பத்துக்கும் 1,50,000 டாலருக்கு உடை வாங்கிய விவகாரத்தில், வசில்லா பட்டிக்காட்டுக் கும்பல் நீமன் மார்கஸ் கடையைக் கொள்ளையடித்தது மாதிரி என்று ஓர் உதவியாளர் நியூஸ்வீக்கிடம் சொன்னார். ஹோட்டல் அறையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்து நின்றார் என்பது வரை எழுதப்பட்டது. இரண்டு மாதம் முன்பு ஒரு சொலவடைக்காக ஒபாமாவை மன்னிப்புக் கேட்கச் சொன்ன குழு அது. ஒபாமா ஆட்கள் சொன்ன எதையும்விட இது மோசம் என்பது என் எண்ணம். ஏனென்றால் இதைச் சொன்னவர்கள் அவரோடு அதே விமானத்தில் போனவர்கள்.

ஒரு ஒப்பீட்டுக்கு 1984-ஐயும் பாருங்கள். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற ஜெரால்டின் ஃபெராரோ மூன்று முறை நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். மிசிசிப்பியில் அந்த மாநில வேளாண்மைத் துறைத் தலைவர் அவரிடம், புளூபெர்ரி மஃபின் சுடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், உங்களுக்கு என்று திருப்பிக் கேட்டார் ஃபெராரோ. எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது. அக்டோபர் விவாதத்தில், எதிர்த்து நின்ற துணை அதிபர் மூத்த புஷ், ஈரானுக்கும் லெபனானுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரியவைக்கிறேன் என்கிற தொனியில் ஆரம்பித்தார். இந்தப் பாடம் நடத்தும் தோரணை எனக்குப் பிடிக்கவில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டு வெளியுறவுக் கொள்கைக்கு நேராகப் பதிலும் சொன்னார் ஃபெராரோ. பதிலைச் சொன்னார், கவனியுங்கள்.

இனி கமலா. 2020-ல் அவர் துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது, சக செனட்டர் ஒருவர் ஜார்ஜியா மேடையில் அவர் பெயரை வேண்டுமென்றே கோணல்மாணலாக உச்சரித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். ‘அரக்கி’ என்றார் ட்ரம்ப். இவையெல்லாம் பேலினின் கைக்குழந்தை வதந்தியோடு ஒரே சாக்கில் போகவேண்டிய குப்பை. சிரிப்பைப் பற்றிய கேலியும் அப்படித்தான். ஆனால் 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகி கமலா களத்துக்கு வந்த பிறகு முதல் தொலைக்காட்சிப் பேட்டி ஆகஸ்ட் 29 அன்றுதான். ஏறத்தாழ 40 நாள். அதுவும் பக்கத்தில் துணை வேட்பாளர் டிம் வால்ஸை உட்காரவைத்துக்கொண்டு. பேலின்கூட 13-வது நாள் ஏபிசிக்குத் தனியாகப் பேட்டி கொடுத்துவிட்டார். ஏன் பத்திரிகையாளர்களைச் சந்திக்கவில்லை என்று அன்று குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. கேட்ட வாயிலேயே நூறு அசிங்கமும் இருந்தது என்பதற்காக அந்தக் கேள்வி அசிங்கம் ஆகிவிடாது.