லீவு விட்டாச்சு, வாய்ப்பாடு மறந்தாச்சு – டீச்சரம்மா பதில்கள்

கேள்வி: டீச்சர், என் பொண்ணு மூணாவது முடிச்சு நாலாவது போகப் போறா. போன வருஷம் லீவு முடிஞ்சு போனப்ப ஆறாம் வாய்ப்பாடு சுத்தமா மறந்துட்டா, ஸ்கூல்ல டைரில எழுதி அனுப்பிட்டாங்க. அதனால நாலாவது புக்கை இப்பவே வாங்கி டியூஷன்ல சேத்துடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. சேக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

நாலாவது புக் இப்ப வேண்டாம்மா. புது பாடத்தை பாதியா தெரிஞ்சுக்கிட்டு போனா ஜூன்ல டீச்சர் நடத்துறப்ப "இது எனக்கு தெரியும்"னு கவனிக்காம உக்காந்துடுவா, மறந்துபோன மூணாவது கணக்கு அப்படியே மறந்துதான் கிடக்கும். மறக்குறதுக்காக புள்ளைய திட்டாதீங்க, இது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். 1996-ல அமெரிக்காவுல ஹாரிஸ் கூப்பர்னு ஒரு பேராசிரியரும் அவரோட இருந்தவங்களும் கோடை லீவு பத்தி அதுவரைக்கும் வந்த 39 ஆய்வுகளை அலசிப் பாத்தாங்க, சராசரியா ஒரு மாசப் படிப்பு அளவுக்கு பின்னால போயிடுது, அதுலயும் வாசிப்பை விட கணக்குதான் ஜாஸ்தி அடி வாங்குதுன்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாத்தா காரணம் புரியும், எழுத்து கடை போர்டுலயும் பஸ் போர்டுலயும் டிவிலயும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு, ஆனா ஆறெட்டு எத்தனைன்னு லீவுல யாரு கேக்குறா?

அதை நீங்க கேளுங்க, ஆனா ஸ்கேலை கையில வச்சுக்கிட்டு இல்ல. வெயில் அடிக்குதே, வடாம் போடுவீங்கதானே? துணில வரிசைக்கு 8, அப்படி 6 வரிசைன்னு அவளையே புழியச் சொல்லிட்டு மொத்தம் எத்தனைன்னு எண்ணாம சொல்லச் சொல்லுங்க. மறுநாள் வரிசைக்கு 7 வைக்கச் சொல்லுங்க. மோர்மிளகாய் போட்டா பச்சையா இருக்கும்போது ஒரு எடை, நல்லா காஞ்சப்புறம் ஒரு எடை, எவ்வளவு கொறையும்னு முதல்லயே ஊகிச்சு ஒரு பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்லுங்க, கழித்தல் தானா வந்துடும். மத்தியானம் வெளிய போக முடியாத நேரத்துல பல்லாங்குழிய எடுங்க. 14 குழி, குழிக்கு 5 முத்துன்னா மொத்தம் 70, எந்தக் குழில இருந்து எடுத்தா எங்க போய் முடியும்னு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்துதான் ஆடணும், அதை விட நல்ல மனக்கணக்கு பயிற்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல. தினமும் அரைமணி நேரம் இப்படிப் போனாலே போதும்மா, டியூஷன் காசு மிச்சம்.

கேள்வி: நாங்க ரெண்டு பேரும் ஓசூர்ல வேலைக்கு போறோம். பையன் (அஞ்சாவது) லீவுக்கு மன்னார்குடி பக்கம் எங்க அம்மா வீட்டுல இருக்கான், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் போன்தான். அம்மாவால கண்டிக்க முடியல.
– வாசகர், ஓசூர்

தம்பி, அம்மாவைக் கண்டிக்கச் சொல்லாதீங்க, கதை சொல்லச் சொல்லுங்க. அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி ஊர் எப்படி இருந்துச்சு, ஆத்துல தண்ணி எப்ப வரும், என்ன நெல்லு போடுவாங்க, இதெல்லாம் அவன் கேட்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதி வைக்கணும், ராத்திரி நீங்க போன் பண்றப்ப அதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். பிழை இருந்தா அப்ப திருத்தாதீங்க, கேளுங்க, அடுத்து என்ன ஆச்சுன்னு ஆசையா கேளுங்க, அப்பா கேக்குறாருன்னா அவன் எழுதுவான். போனை ஒரேயடியா பிடுங்கினா பாட்டிகிட்டதான் மல்லுக்கு நிப்பான், அதுக்கு பதிலா அதே போன்ல பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்தை திறந்து குடுங்க, 2015-ல ஆரம்பிச்சது, தமிழ்லயும் நிறைய கதை இருக்கு, இலவசம், வாசிப்புத் திறனுக்கு ஏத்த மாதிரி நிலை பிரிச்சிருக்காங்க. அஞ்சாவதுக்குரியது கஷ்டமா இருந்தா ஒரு நிலை கீழ இறங்கி ஆரம்பிக்கட்டும், அதுல எந்த கௌரவக் குறைச்சலும் இல்ல. பக்கத்துல கிளை நூலகம் இருந்தா அடுத்த தடவை ஊருக்கு போறப்ப அவன் பேர்ல கார்டு போட்டுக் குடுத்துட்டு வாங்க.

கேள்வி: பையன் ஏழாவது போறான். கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் சம்மர் கேம்ப் போறாங்க, ஆயிரக்கணக்குல கேக்குறாங்க, எங்களால கட்ட முடியல. அவன் பின்தங்கிடுவானோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.
– வாசகி, வியாசர்பாடி, சென்னை

அடிச்சுக்க வேண்டாம்மா. நீங்க இருக்குற ஊர்லயே அவ்வளவு இருக்கு. ஏப்ரல் 24 வாக்குல சென்னைல நடுப்பகல்ல சூரியன் நேர் உச்சிக்கு வரும், மொட்டைமாடில ஒரு குச்சிய நேரா நட்டு வச்சா நிழலே விழாது. சரியா 12 மணிக்கு இல்ல, 12 மணி 7 நிமிஷம் வாக்குல. ஏன் அந்த 7 நிமிஷம்னு அவனே கண்டுபிடிக்கட்டும், நம்ம கடிகார நேரம் எந்த ஊரை வச்சு ஓடுதுன்னு தேடினா விடை கிடைச்சுடும். தேதி தாண்டிடுச்சுன்னா ஆகஸ்ட் 18 வாக்குல மறுபடி வரும். அதுவரைக்கும் தினமும் ஒரே நேரத்துல நிழலோட நீளத்தை அளந்து நோட்ல எழுதட்டும், தெக்கு பக்கம் விழுதா வடக்கு பக்கம் விழுதான்னும் குறிக்கட்டும், கேம்ப்ல போய் ரோபோ பொம்மை மாட்டுறதை விட இது பெரிய அறிவியல்னு நான் மனசார நம்புறேன்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, காலைல போனா சாயங்காலம் வரைக்கும் உக்காந்து படிக்கலாம், அந்தப் பக்கமேதான் பிர்லா கோளரங்கமும், ஒரே நாள்ல ரெண்டையும் பாத்துடலாம். இன்னொரு நாள் எழும்பூர் மியூசியம், 1851-ல ஆரம்பிச்சது, வெண்கலக் கூடத்துல திருவாலங்காடு நடராஜர் முன்னாடி ஒரு நோட்டும் பென்சிலும் குடுத்து உக்கார வைங்க, வரையட்டும், நீங்க அவசரப்படுத்தாதீங்க. டிக்கெட் எல்லாம் பெரிய செலவு ஆகாது. வெள்ளிக்கிழமை மட்டும் மியூசியம் லீவு, அதைப் பாத்து கிளம்புங்க.