செவ்வாய்க் கதையில் அம்மா–மகள் உரையாடல்

செவ்வாயில் இருக்கும் மகளும் பூமியில் இருக்கும் அம்மாவும் பேசும் காட்சியில், சமிக்ஞைத் தாமதத்தைச் சேர்த்தால் உரையாடல் செத்துவிடுகிறது, அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் கதையின் வலியே அங்கேதான் இருக்கிறது.

கோள்களின் நிலையைப் பொறுத்து, சமிக்ஞை போய்ச்சேர ஒரு வழிக்கே சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். எனவே கேள்வி-பதிலாக எழுதாமல் குரல் பதிவுகளாக எழுதிப் பாருங்கள். அம்மா "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே போகட்டும். மகள் அழுது ஓய்ந்து, முகம் துடைத்து, வேலைக்குத் திரும்பிய பிறகு, "ஏன் குரல் கம்மியிருக்கிறது?" என்ற கேள்வி வந்து சேரட்டும்.

இன்னொன்றும் உங்களுக்கு உதவும். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை இரு கோள்களுக்கும் நடுவே சூரியன் வந்துவிடும். அப்போது செவ்வாய் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே சுமார் இரண்டு வாரம் நிறுத்தி வைக்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தியை அதற்கு முந்தைய நாள் வரவழையுங்கள்.

தொடக்கத்தில் உள்ள விண்கல விளக்கங்களைத் தயங்காமல் வெட்டுங்கள். செவ்வாயில் அந்திச் சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும். அதை மகள் ஒரு வரியில் பார்த்தால் போதும். திருத்திய காட்சியை இங்கே இடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.