மூன்று கதவு அலமாரியைக் கழற்றி வீடு மாற்றலாமா, பழைய வீட்டிலேயே விட்டுவிடலாமா?

கழற்றலாம். ஏழு வருட அலமாரி, சிப்போர்டு, உயரம் 236 சென்டிமீட்டர், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடிப்பலகை ஈரம் குடித்து உப்பாமல் இருந்தால் தாராளமாகக் கொண்டு போங்கள். ஆனால் கண்ணில் படும் ஸ்குருவையெல்லாம் கழற்றிவிடாதீர்கள். என் பதிலில் முக்கியமானது இதுதான்.

நாங்கள் ஒரே அலமாரியோடு இரண்டு முறை வீடு மாறினோம். முதல் முறை ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெலுத்தோங்குக்கு. "கழற்றவே வேணாம் அண்ணே, அப்படியே தூக்கிடலாம்" என்றார்கள் லோரியோடு வந்தவர்கள். நானும் சரி என்றேன். படிக்கட்டுத் திருப்பத்தில் அலமாரியைச் சாய்த்ததும் பின்பலகை ஆணியோடு பிய்ந்தது. அடுத்த நொடி மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து, பக்கப்பலகையின் ஓட்டைகள் பிளந்துகொண்டன. என் மாமனார் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த அலமாரி அது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உட்கார்ந்து துணிகளை மட்டும் மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பின்பலகை வெறும் 3 மில்லிமீட்டர் தடிமன்தான், அட்டை மாதிரி இருக்கும். ஆனால் அலமாரியைச் சதுரமாகப் பிடித்து நிறுத்துவதே அதுதான். அது போனால் நான்கு பலகையும் தீப்பெட்டிக் கூடு போலச் சாயும். அதனால்தான் முழு அலமாரியாகத் தூக்கக் கூடாது. அதனால்தான் பின்பலகையைக் கழற்றிய பிறகு அலமாரியை நிமிர்த்தவும் கூடாது.

உடைந்ததைச் சரிசெய்து கொடுத்தவர் எங்கள் கீழ்வீட்டுச் சீன அங்கிள். பழைய தச்சர். பிளந்த ஓட்டைகளில் மரப்பசை விட்டு, சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சிகளை வெட்டி இறுக்கமாகச் செருகி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு புதிதாகத் துளை போட்டார். வேலை நெடுகிலும் அவர் சொன்னது ஒன்றே: "ஜாங்கான் பக்சா." மலாயில் வலுக்கட்டாயம் பண்ணாதே என்று அர்த்தம். சிப்போர்டு என்பது மரத்துகளைப் பசை போட்டு அழுத்திய பலகை. அதில் ஸ்குரு ஒரு முறைதான் நன்றாகக் கடிக்கும். கழற்றிக் கழற்றிப் பூட்டினால் துகள் உதிர்ந்து பிடி விட்டுவிடும் என்று அவர்தான் விளக்கினார்.

ஆகவே இரண்டாவது முறை, சிம்பாங் அம்பாட்டுக்கு மாறியபோது, நானும் மச்சானும் திறக்க வேண்டிய இணைப்புகளை மட்டும் திறந்தோம். கீல் தகடுகள், லாச்சி (இழுப்பறை) ஓடும் தண்டவாளங்கள், பக்கப்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதலில் லாச்சி, தட்டுகள், துணி மாட்டும் கம்பி. அடுத்து கதவுகள். சுவரோடு பிடித்திருக்கும் கிளிப்பைக் கதவுகள் இறங்கும் வரை தொடாதீர்கள். திறந்த கதவுகளின் பாரம் முன்னால் இருக்கும்போது சுவர்ப்பிடியும் இல்லாவிட்டால் அலமாரி உங்கள் மேலேயே கவிழும். கதவு கழற்றப் பெரும்பாலும் ஸ்குருவைத் திருக வேண்டியிருக்காது. பெரும்பாலான கீல்களில் பின்புறம் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அழுத்தினால் கதவோடு இருக்கும் கீலின் கை தனியாக வந்துவிடும். கீழ்க் கீலில் தொடங்கி மேல் கீலைக் கடைசியில் விடுங்கள், ஒருவர் கதவைத் தாங்கிக்கொண்டே இருக்கட்டும். கண்ணாடி பதித்த கதவையும் சறுக்குக் கதவையும் ஒற்றை ஆளாகத் தொடவே வேண்டாம்.

பிறகு தரையில் இரண்டு தோத்தோ (மெல்லிய மெத்தை) விரித்து, அலமாரியை முகம் குப்புறப் படுக்க வையுங்கள். படுக்க வைப்பதற்கு முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகைகளில் இடம், வலம், மேல், கீழ் என்று எழுதிவிடுங்கள். குப்புறப் படுத்ததும் இடம் வலமாகிவிடும், அங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். செலோடேப் வேண்டாம், உரிக்கும்போது மேல்தாளையும் சேர்த்து உரித்துவிடும்.

பின்பலகை ஆணியில் இருந்தால் சுத்தியலின் பிளந்த முனையால் பிடுங்காதீர்கள். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, உட்பக்கத்திலிருந்து ஆணி வரிசையை ஒட்டி ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டிக்கொண்டே போனால் பலகை கிழியாமல் ஆணியோடு எழும்பும். பள்ளத்தில் செருகிய வகை என்றால் உருவினாலே போதும்.

இனி பலகைகளை இணைக்கும் வட்டப் பூட்டுகள். பலகைக்குள் புதைந்திருக்கும், காசு அளவு இருக்கும், கேம் லாக் என்பார்கள். இடப்பக்கமாக ஏறக்குறைய அரைச் சுற்று, அம்புக்குறி பலகையின் விளிம்பைப் பார்க்கும்வரை, அவ்வளவுதான். அதற்கு மேல் திருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகம் உடையும். ஸ்குரு டிரைவர் முனையையும் கவனியுங்கள். இந்த அலமாரிகளில் பெரும்பாலும் போசிடிரைவ் தலை. சிலுவைக் கோடுகளுக்கு நடுவே இன்னும் நான்கு மெல்லிய கோடு தெரியும். சாதாரணப் பிலிப்ஸ் முனை அதில் சரியாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பிஇசட் 2 என்று கேட்டால் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். டிரில் வேண்டாம், கையாலேயே திருப்புங்கள்.

எல்லாப் பூட்டும் திறந்த பிறகு பலகைகளை நேராகப் பிரிக்க வேண்டும், நெம்பக் கூடாது. துணியை மடித்து வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இங்கே சில கடைக்காரர்கள் பூட்டிக் கொடுக்கும்போது பலகைகளை இணைக்கும் மரக்குச்சிகளில் பசையும் விட்டிருப்பார்கள். அப்படி ஒரு மூலை அசையாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு பலகையும் 'ட' வடிவில் ஒட்டியபடியே லோரியில் ஏறட்டும். பிரிக்கப் போனால் பலகைதான் பிளக்கும்.

ஸ்குருக்களைச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எந்த இடத்து ஸ்குரு என்று தாளில் எழுதி உள்ளேயே வைத்தோம். எல்லாப் பையும் ஒரே மைலோ டின்னில். அந்த டின் லோரியில் ஏறவில்லை, மனைவியின் மடியில் வந்தது.

18 மில்லிமீட்டர் தடிமனில் 236 உயரம், 58 அகலம் உள்ள ஒரு பக்கப்பலகை மட்டும் ஏறக்குறைய 16 கிலோ வரும். உங்கள் ஃபிளாட் லிஃப்டுக்குள் அது நிற்குமா என்று முதல் நாளே டேப் பிடித்துப் பாருங்கள், இல்லையென்றால் படிக்கட்டுதான். லோரியில் பலகைகளை விளிம்பில் நிமிர்த்தி, நடுவே அட்டை செருகிக் கட்டுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் அடுத்த பலகையைக் கீறாமல் இருக்க. பினாங்கில் அக்டோபர் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும், இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். விளிம்புகளை பிளாஸ்டிக் தாளால் சுற்றாமல் புறப்படாதீர்கள். சிப்போர்டு ஒரு முறை உப்பினால் திரும்ப வற்றாது.

புது வீட்டில் முதலில் கூரை உயரத்தை அளந்து பாருங்கள். 236 உயரம், 58 ஆழம் உள்ள அலமாரியைப் படுக்க வைத்துப் பூட்டி நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை 243 சென்டிமீட்டர் வேண்டும். அலங்காரக் கூரை போட்டிருந்தால் அந்த 7 சென்டிமீட்டரில்தான் இடிக்கும். பின்பலகையை அடிக்கும்போது மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒரே நீளம் வந்த பிறகே முதல் ஆணி. அதைப் பார்க்காமல் அடித்துவிட்டால் கதவுகள் எப்படித் திருகினாலும் சேராது. நிறுத்தியதும் சுவரோடு கட்டாயம் பிடியுங்கள். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதாகச் சொன்னீர்கள், லாச்சியில் ஏறி நிற்கும் வயது.

பின்பக்கத்தில் கரையான் மண்கோடு தெரிந்தாலோ, அடிப்பலகை விரலால் அழுத்தினால் நொறுங்கினாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். அதைப் புது வீட்டுக்குள் கொண்டு வரவேண்டாம்.

உங்கள் அலமாரியின் பின்பலகை ஆணியா, பள்ளமா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஆணி என்றால் எத்தனை துண்டாகப் பலகை இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நடுக்கோட்டில் மடியும் வகையாக இருந்தால் கழற்றும் விதம் கொஞ்சம் மாறும், அதைத் தனியாக விளக்குகிறேன்.