ராணி ஈயும் பொருளற்ற தகவலும்

அன்புள்ள அண்ணன்,

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிறவன் நான். போன மாதம் எங்கள் சபையில் ஒரு பேராசிரியர் வந்து பேசினார். மனிதனுக்கு ஜீன்கள் ஏறத்தாழ 20,000; ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்ணிலும் ஈரலிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஆகவே உடலைக் கட்டும் தகவல் ஜீனில் இல்லை, பருப்பொருள் அல்லாத வேறொரு மூலத்திலிருந்து வருகிறது என்றார். ஒரே மாதிரி முட்டையிலிருந்து ராணியும் வேலைக்கார ஈயும் வருவதைப் பார்க்கிறவன் என்பதால் எனக்கு அது சரியென்றே பட்டது. பிளஸ் டூ படிக்கும் மகளோ, "அப்பா, அவரு பாதியில தாவுறாரு" என்கிறாள். யார் சொல்வது சரி?

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதுதான் சரி. ஆனால் தாவுவதற்கு முன் பேராசிரியர் நின்ற இடம் வரை தவறில்லை. ஜீன் மட்டும் போதாது என்பது உயிரியலில் பழைய செய்தி. 'ஜீனில் இல்லை' என்றவர் ஒரே எட்டில் 'பொருளிலேயே இல்லை' என்று போனாரே, அங்கேதான் கோளாறு. நடுவில் எவ்வளவோ கிடக்கிறது: தீனி, சூடு, பக்கத்து செல் அனுப்பும் வேதிப்பொருள், செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் அமைப்பு.

உங்கள் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். (ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, கொழுந்து இலையின் காம்பில் சுரப்பது என்று நான் சொன்னால் வெளியூர் நண்பர்கள் இன்னும் நம்புவதில்லை.) ராணி செத்த பெட்டியில் என்ன செய்வீர்கள்? முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றை வேறு பெட்டியிலிருந்து எடுத்து வைப்பீர்கள். ஈக்கள் சில அறைகளை மட்டும் அகலப்படுத்திக் கீழ்நோக்கித் தொங்கும்படி நீட்டிக் கட்டும். அந்தப் புழுக்களுக்கு மட்டும் வெண்மையான கூழைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மூன்று நாளைக் கடந்த புழுவிலிருந்து நல்ல ராணி வராது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பொருளற்ற ஒரு மூலம்தான் 'நீ ராணி' என்று சொல்லி அனுப்புகிறது என்றால், அதற்கு எதற்கு இந்தக் கூழ்? எதற்கு மூன்று நாள் கெடு?

2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த இளம்புழுக்களில் ஒரே ஒரு நொதியின் உற்பத்தியை அடக்கிப் பார்த்தார்கள். அவை நம் பெட்டி ஈ அல்ல, அதன் பெரிய உறவான ஐரோப்பியத் தேனீ. டிஎன்ஏவின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டுவது அந்த நொதியின் வேலை. குறி குறைந்ததும் பெரும்பாலான புழுக்கள் சினைப்பை முழுதாக வளர்ந்த ராணிகளாக வெளிவந்தன. ஜீன் ஒன்றும் மாறவில்லை. எந்த ஜீன் வேலை செய்யும், எது சும்மா கிடக்கும் என்பதுதான் மாறியது. கண்ணும் ஈரலும் வேறாவதும் இதே வழியில்தான். அந்த ஒரு மில்லிமீட்டர் புழுவையும் மனிதனையும் ஜீன் எண்ணிக்கையால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லாமல் போவதும் இதனால்தான்.

இதைவிட விசித்திரமானது பாரமீசியம். ஒரே செல், உடம்பெல்லாம் வரிசை வரிசையாக நுண்ணிழைகள். சில வரிசைகள் திசைமாறி அமைந்துவிட்ட பாரமீசியங்களைத் தொடர்ந்து வளர்த்துப் பார்த்து ஜானின் பெய்சானும் ட்ரேசி சோன்போர்னும் 1965-இல் எழுதினார்கள். ஜீன்களில் மாற்றமே இல்லை; ஆனாலும் பல நூறு தலைமுறைக்கு அந்த வரிசைகள் தலைகீழாகவே வந்தன. பழைய வரிசையை ஒட்டியே புதிது அமைகிறது, அவ்வளவுதான். ஜீனுக்கு வெளியே உள்ள தகவல், பரம்பரையாகவும் வருகிறது, நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணுக்கும் தெரிகிறது!

பேராசிரியரின் வாதத்துக்கு மூதாதை உண்டு. 1891-இல் டிரியெஸ்ட் நகரில் ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலியின் இரண்டு செல் கருவைக் குலுக்கிப் பிரித்தார். பாதி உடல் வரும் என்று பார்த்தால், ஒவ்வொரு செல்லும் சற்றுச் சிறிய முழு லார்வாவாக வளர்ந்தது. எந்த இயந்திரமும் இப்படிச் செய்யாது என்று திகைத்தவர், கடைசியில் பொருளற்ற ஓர் உயிர்விசையிடம் போய்ச் சேர்ந்தார். பெரிய விஞ்ஞானி, பொய் சொன்னவர் அல்ல. ஆனால் ஹான்ஸ் ஸ்பெமனும் ஹில்டே மான்கோல்டும் 1924-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நீர்ப்பல்லிக் கருவின் சிறு துண்டை எடுத்து இன்னொரு கருவில் ஒட்டியபோது அங்கே இரண்டாவது உடலே உருவாயிற்று. பின்னால் அந்தத் துண்டைக் கொன்று வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் அது பக்கத்துச் செல்களைத் தூண்டியது. செத்த திசுவிலிருந்து கசிவது வேதிப்பொருளாகத்தானே இருக்க முடியும்? (ஹில்டே அதே வருடம் அடுப்பு வெடித்து இறந்துபோனார். 1935-இல் நோபல் பரிசு ஸ்பெமனுக்கு மட்டும் வந்தது.)

உடலுக்கு ஒரு வரைபடம் எங்கோ இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. சொத்தவிளைக் கடற்கரை மணலில் காற்று போடும் வரிகளுக்கு வரைபடம் எங்கே இருக்கிறது? மணல், காற்று, இரண்டும் மோதும் விதம், அவ்வளவே. வெவ்வேறு வேகத்தில் பரவும் இரண்டு வேதிப்பொருள்களே புள்ளியும் வரியும் போட்டுவிடும் என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இதனால் உங்கள் விசுவாசத்துக்கு ஒரு குறைவும் இல்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று ஒருவரை நம்புகிறவர், அவருக்கு இடம் தேடி செல்லுக்குள் விடுபட்ட பொந்துகளைத் துழாவுவது எனக்குக் கொஞ்சம் அவமரியாதையாகவே படுகிறது.

பேராசிரியர் மறுபடி வந்தால் ஒன்று கேளுங்கள்: அந்த மூலம் உண்டென்றால் எந்தச் சோதனையில் என்ன வித்தியாசம் தெரியும்? கூழே கொடுக்காமல் ஐந்து நாள் புழுவை அது ராணியாக்கிக் காட்டுமா? காட்டும் என்றால் எனக்கும் தெரிவியுங்கள். ராணி வளர்க்கிற பாடு உங்களுக்கு மிச்சம்.

அன்புடன்.